58 வயதில் வீணை: பதினோராவது மாதம்

அம்மாவின் வீணை இருபது வருடமாக உறைக்குள்ளேயே கிடந்தது. போன ஆவணியில் பிரித்துப் பார்த்தால் மெழுகு வெடித்து, விரல் வைத்து அழுத்தும் மெட்டுகளில் நாலைந்து ஆடிக்கொண்டிருந்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைப் புதிதாகப் பதிக்க, கொடுத்தேன். பட்டறைப் பெரியவர் வீணையின் நீண்ட கழுத்தான தண்டியின் மேல் கறுப்பு மெழுகை வைத்து, 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதித்தார். மீட்டிக் கேட்பார், ஒரு நூல் தள்ளுவார், மறுபடி கேட்பார். அளவுகோல் எதையும் எடுக்கவில்லை, எல்லாம் காதுதான். எழுந்து வர மனமில்லாமல் பாதி நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

முதல் இரண்டு மாதம் முழங்காலோடுதான் போராட்டம். சம்மணமிட்டு, வீணையின் கழுத்துக்கு அடியில் இருக்கும் சுரைக்காயை இடது தொடையில் தாங்கி உட்கார்ந்தால் இருபது நிமிடத்தில் கால் மரத்துவிடும். அதனால் பத்துப் பத்து நிமிடமாக, நாளைக்கு நாலு தடவை என்று பிரித்துக்கொண்டேன். விரல் நுனியில் தந்தி கோடு போட்டது. தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு வாசித்து வாசித்துக் காய்த்துப்போன பிறகு வலி இல்லை.

முதல் பாடமான சரளி வரிசையை ஏன் மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குகிறார்கள் என்று வீணையில்தான் கண்ணால் பார்த்தேன். திறந்த தந்தி ஸ. ரி முதல் மெட்டு, க நாலாவது, ம ஐந்தாவது. ப ஏழாவதில் விழுகிறது. அங்கிருந்து எண்ணினால் த, நி, மேல் ஸ மூன்றும் அதே ஒன்று, நாலு, ஐந்து. கீழே கை பழகியதே மேலேயும் வருகிறது, மெட்டுகள் மட்டும் நெருங்கிவிடுகின்றன.

ஜண்டை, அலங்காரம், மலகரி கீதம் என்று அடுத்தடுத்த பாடங்கள் எல்லாம் நிதானமாக நகர்ந்தன. எட்டாவது மாதம், ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தில் மாட்டிக்கொண்டேன். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டில் மேலே இரண்டு மூன்று ஸ்வரம் வரும். எங்கே நிறுத்துவது என்பதற்கு மெட்டில் அடையாளம் கிடையாது. டீச்சர் என்னைவிட இருபது வயது சின்னவர். "அம்மா, வாயால பாடிட்டு அப்புறம் இழுங்க" என்றார். தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது க ஸ்வரத்தை, முதலில் மெட்டில் அசையாமல் வாசித்துக் காட்டினார். தோடியே இல்லை. அப்புறம் இழுத்து அசைத்தார். எங்கள் ஊர்க் கோயில் நாயனத்தில் சின்ன வயதிலிருந்து கேட்ட தோடி அப்படியே வந்து நின்றது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து பாடாமல் இழுப்பதில்லை. இத்தனை வருடம் சும்மா கேட்டது எல்லாம் காதில் சேர்ந்துதான் இருக்கிறது, விரல்தான் இப்போது அதன் பின்னால் நடக்கப் பழகுகிறது. வயதாகித் தொடங்குகிறவர்களுக்கு இது பெரிய பலம் என்று நினைக்கிறேன்.

இந்த வாரம் முதல் தடவையாக நானே சுருதி சேர்த்தேன். முதல் தந்தியான சாரணியைச் சுருதிப்பெட்டியோடு சேர்த்துவிட்டு, பஞ்சமத் தந்தியை ஐந்தாவது மெட்டில் அழுத்தி மீட்டினால் சாரணியின் ஷட்ஜம் கேட்க வேண்டும். அரை மணி நேரம் ஆனது, ஆனால் சேர்ந்துவிட்டது. மந்தரத் தந்தியை முறுக்கும் பிரடை மட்டும் நிற்காமல் வழுக்குகிறது. கழற்றி, சாக்பீஸ் பொடி தடவி நாளைக்குப் பார்க்க வேண்டும். மோகன ராக வர்ணம் முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், பல்லவி வரை வந்திருக்கிறது.