மொட்டை மாடியில் விறகு அடுப்பு
மாடியில் மூணு கல் வைத்துப் பொங்கல் வைப்பவர்களுக்கு: வெறுந்தரையில் மூட்டாதீர்கள். சூட்டில் சிமெண்ட் தளம் வெடித்துச் சில்லு தெறிக்கும். 2 அங்குலம் காய்ந்த மணல், அதன்மேல் செங்கல் பரப்புங்கள்.

சவுக்குக் கட்டை இரண்டைத் தட்டிப் பாருங்கள். ‘டங்’கென்றால் காய்ந்தது. ‘தொப்’பென்றால் ஈரம், புகைதான் மிச்சம்.

அடியில் தேங்காய் நார், மேலே விரல் தடிமனில் சுள்ளி, குறுக்கும் நெடுக்குமாக. அது நன்றாகப் பிடித்த பிறகே கட்டை, அதுவும் இரண்டு மூன்றுதான். வாய் நிறையத் திணித்தால் காற்று போகாமல் அணையும் (எல்லோரும் செய்யும் தப்பு இதுதான்). தணிந்தால் ஊதுகுழலால் கங்கின் அடியில் ஊதுங்கள்.

பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. கங்கு இருந்தால் ஆவி குப்பென்று பிடித்து முகத்துக்கு வரும்.

சாம்பலுக்குள் கங்கு மறுநாள்வரை கிடக்கும். தண்ணீர் தெளித்துக் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்த பிறகே குப்பைத் தொட்டியில் கொட்டுங்கள்.