எலெக்ட்ரிக் பிக்கப்பும் ஆர்ச்சஸ் பயணமும்

டென்வரிலிருந்து யூட்டாவின் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்கு ஐ-70 சாலை வழியே சுமார் 350 மைல். பெட்ரோல் வண்டியில் காலையில் கிளம்பினால் மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்துவிடலாம். எங்கள் எலெக்ட்ரிக் பிக்கப்பில் கேம்பர் டிரெய்லரை (உள்ளே படுத்துத் தங்குகிற இழுவை வண்டி) மாட்டிக்கொண்டு போனதில் நன்றாக இருட்டிவிட்டது.

வண்டியின் இழுவையைக் குறை சொல்லவே முடியாது. 11,000 அடிக்கு மேலே இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கம் வரை டிரெய்லரை இழுத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் ஏறியது. ஆனால் பேட்டரி இறங்குகிற வேகத்தைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. சுரங்கத்தைத் தாண்டி சில்வர்தோர்ன் ஊருக்கு இறங்கும்போது மோட்டாரே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றியதில் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது, செலவானதில் ஒரு பங்குதான்.

சும்மா ஓட்டினால் 300 மைல் போகிற வண்டி, உயரமான டிரெய்லரை இழுத்தால் ஏறக்குறைய பாதிதான் போகும். எடையைவிடக் காற்றுதான் அதற்குக் காரணம். அதிலும் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறுவது ரொம்ப மெதுவாகிவிடும், 10 சதவீதத்துக்குக் கீழே இறக்க யாருக்கும் தைரியம் வராது, ஆக நடைமுறையில் ஒரு ஓட்டத்துக்குக் கிடைப்பது நூறு மைல் சொச்சம்.

அதைவிடப் பெரிய கொடுமை சார்ஜ் போடும் இடம். எல்லாம் கார் நிறுத்துகிற மாதிரிதான் கட்டியிருக்கிறார்கள். மூக்கை உள்ளே விட்டால் டிரெய்லர் பாதையை அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் தூறலில் இறங்கி, டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, விளக்கு ஒயரைப் பிடுங்கி, சங்கிலியைக் கழற்றி, ஜாக்கைச் சுற்றிச் சுற்றித் தூக்கி, வண்டியை மட்டும் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டோம். முக்கால் மணி நேரம் கழித்து, மனைவி பின்னால் நின்று "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று கைகாட்ட, மறுபடி எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதே வேலை.

வழியில் இருக்கும் கிராண்ட் ஜங்ஷன் ஊரிலிருந்து, பூங்காவை ஒட்டிய ஊரான மோவாப் 110 மைலுக்குக் கொஞ்சம் மேல், அதாவது சரியாக நம் எல்லையில் வந்து நிற்கிறது. அங்கே கூடுதல் நேரம் உட்கார்ந்து சார்ஜ் ஏற்றிவிட்டு, 80 மைல் வேகம் அனுமதித்த சாலையில் 60-இல் ஊர்ந்தோம். பெரிய லாரிகளெல்லாம் நம்மைத் தாண்டிப் போகும்போது வண்டி ஆடுகிறது, குழந்தைகள் பின்னால் இருக்கையில் அது நன்றாக இல்லை.

பூங்காவுக்குள் இருக்கும் டெவில்ஸ் கார்டன் முகாமில் மின் இணைப்பு கிடையாது. பார்க்கச் சொர்க்கம் மாதிரி இடம், ஆனால் சார்ஜ் வேண்டுமென்றால் மோவாப் வரை இறங்கி வர வேண்டும். டிரெய்லரோடு போகிறவர்கள் ஊர்ப்பக்கம் 50 ஆம்ப் மின் இணைப்புள்ள ஆர்வி பார்க்கில் (தங்கும் வண்டிகளை நிறுத்துகிற முகாம்) இடம் பிடியுங்கள், ராத்திரி முழுக்கப் போட்டால் விடிவதற்குள் பெரும்பகுதி ஏறிவிடும்.

பெட்ரோல் பங்க் மாதிரி நேராக நுழைந்து நேராக வெளியேறும் சார்ஜர்கள் சில ஊர்களில் வர ஆரம்பித்திருக்கின்றன. எங்கள் மலைப்பாதை முழுக்க அவை வரும்வரை டிரெய்லர் வீட்டிலேயே இருக்கட்டும், அடுத்த முறை கூடாரத்தைப் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்புவதாக இருக்கிறோம்.