ஹெர்மிஸ் எவ்வளவு ஆழத்தில்? 45, 64, கடைசியில் 53

மூன்று வார இறுதிகள் இதிலேயே போய்விட்டன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், எங்கள் மட்டக்களப்புக் கடலில் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. இந்தத் தெரிந்த விடையை ஈர்ப்புப் படித்திறனை (இடத்துக்கு இடம் ஈர்ப்பு மாறும் வீதத்தை) வைத்துத் திரும்ப எடுக்க முடியுமா என்று பார்த்தேன். கருவி கிடையாது, எல்லாம் மடிகணினியில் செய்த போலித் தரவுதான்.

ஈர்ப்பை நேராகவே அளந்தால் என்ன? அலையில் தோணி ஏறி இறங்குவதையும் ஈர்ப்பையும் கருவியால் பிரித்தறிய முடியாது. இரண்டு கருவிகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்து வித்தியாசம் எடுத்தால், அந்த ஏற்ற இறக்கம் கழிந்துவிடும். மிஞ்சுவது படித்திறன். அலகு எட்வஷ்.

கப்பல் ஏறத்தாழ 11,000 தொன். கடல்நீரில் இரும்பு எட்டில் ஒரு பங்கை இழக்கும், ஆக சுற்றியுள்ள நீரைவிட மிச்சமாக ஈர்ப்பில் தெரியும் திணிவு 9,600 தொன். (மிதக்கும் நீர்மூழ்கி என்றால் இந்த மிச்சமே இராது. அதன் திணிவும் அது தள்ளிய நீரின் திணிவும் சமம்.)

எல்லாவற்றையும் ஒரே புள்ளியாக வைத்தேன்: உச்சம் 8.6 எட்வஷ். சந்தோஷம்தான். அப்புறம் 182 மீட்டர் நீளக் கோடாக மாற்றினேன்: 2.7.

ஆழத்தைச் சொல்வது உச்சமல்ல, தோணி போகப் போகப் படித்திறன் மாறுவதை வரைந்தால் வரும் வளையியின் அகலம். கப்பலுக்குக் குறுக்கே போகும்போது, அதற்கு நேர் மேலேயுள்ள இடத்திலிருந்து வளையி பூச்சியத்தை வெட்டும் இடம் வரையான தூரம் என் தரவில் 64 மீட்டர். புள்ளிக்கான சூத்திரத்தில் அதை √2 ஆல் வகுக்க வேண்டும்: 45. முடிவில்லாக் கோட்டுக்கு அந்தத் தூரமே ஆழம்: 64. உண்மை நீளத்தைப் போட்ட பிறகுதான் 53 வந்தது. கப்பலின் பருமனை நான் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்தால் கிடைப்பது திணிவு மையத்தின் ஆழம், கடலடி அதற்கும் கீழே.

பக்கத்து வீட்டு மாமா கடலுக்குப் போகிறவர். வரைபைப் பார்த்துவிட்டு, "ஈயத்தக் கட்டி விட்டா 29 பாகம் எண்டு கயிறே சொல்லுமே மகன்" என்றார். 29 பாகம் 53 மீட்டர்தான்!

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது சுழற்சியில். தோணி செக்கனுக்கு ஒரு பாகை திரும்பினாலே மூன்று லட்சம் எட்வஷ் பொய்யாகச் சேர்கிறது. அதைத் தரவில் கலந்ததும் என் 2.7 இருந்த இடம் தெரியவில்லை. உண்மையான கருவிகளை ஆடாமல் நிலைப்படுத்திய மேடையில் வைப்பது இதனால்தான். கழித்துப் பார்க்க ஒரு நிரல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வாடை மழை பிடித்துவிட்டது, வீட்டில்தானே இருக்கப் போகிறேன்.