ஒரு சாண் அகல விமானம்

அருங்காட்சியக ஹேங்கரில் பழைய விமானத்தை முழுசாகப் படம் எடுத்தால் தடுப்புக் கயிறு, தகவல் பலகை, பக்கத்து விமானத்தின் வால், கூரையின் இரும்புச் சட்டம் எல்லாம் படத்துக்குள் ஏறிக்கொள்ளும். ஒரு சாண் அகலத்தை மட்டும் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த ஒரு சாணில் தெரியும் நிறம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எடுத்தால் படம் சப்பென்று வரும். பெயின்ட்டுக்குச் சொந்த நிறம் உண்டு. பாலிஷ் போட்ட அலுமினியம் எதிரே இருப்பதிடம் கடன் வாங்கும். சூடுபட்ட உலோகத்தின் கதை வேறு.

அதிகம் சொதப்புவது அலுமினியத்தில்தான். பெயின்ட் அடிக்காத விமான உடம்பு ஒரு வளைந்த கண்ணாடி. நீங்கள் போட்டிருக்கும் மஞ்சள் சட்டை, வெளியேறும் வழியைக் காட்டும் பச்சை விளக்கு, கைபேசித் திரை எல்லாம் அதில் தெரியும். கறுப்பு உடையில் போனால் பாதிப் பிரச்சினை தீரும். லென்ஸ் முன் மாட்டும் போலரைசர் என்ற வடிகட்டியைத் திருகினால் பிரதிபலிப்பு மறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். பெயின்ட் மேலும் பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) மேலும் வேலை செய்கிற அது வெற்று உலோகத்தில் எடுபடாது. வீணாக ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம்தான் போகும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). இங்கே நகர வேண்டியது கால். அரை அடி தள்ளி நின்றால் கூரை விளக்கின் வெள்ளைக் கோடு ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசையை விட்டு விலகி, அதற்கு இணையாக ஓடும். எதிரே சிவப்பு விமானம் நின்றால் இன்னும் நல்லது: சாம்பல் தகட்டில் சிவப்பு கலங்கலாகக் கரைந்து நிற்கும்.

அந்தக் கலங்கல் கெடாமலிருக்க ஃபோகஸைக் கவனிக்க வேண்டும். பிரதிபலிப்பு கிடப்பது தகட்டின் மேல் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு தூரத்தில். ஆட்டோ ஃபோகஸ் சில சமயம் அதைப் பிடித்துக்கொண்டு தகட்டைக் கோட்டை விட்டுவிடும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸை ரிவெட்டின் விளிம்பிலேயே வையுங்கள்.

தகட்டுக்குத் தகடு சாம்பல் மாறுவதையும் பாருங்கள். உருட்டி எடுத்த திசை மாறினால் வெளிச்சம் வாங்கும் விதமும் மாறும், அதனால் ஒட்டி நிற்கும் இரண்டு தகடுகளில் ஒன்று கறுத்தும் மற்றது வெளுத்தும் தெரியும். கறுப்பு வெள்ளைக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. ஒரு உபரித் தகவல்: இரண்டாம் உலகப் போர்க்கால பி-51 மஸ்டாங்கின் இறக்கை தொழிற்சாலையிலேயே புட்டி பூசி வெள்ளிப் பெயின்ட் அடிக்கப்பட்டது. இறக்கையும் சேர்த்து மூக்கு முதல் வால் வரை கண்ணாடிபோல மின்னும் மஸ்டாங், பிற்காலத்தில் புதுப்பித்தவரின் ஆசை.

கயிற்றுக்கு வெளியே நின்று எடுக்க 70-200 அல்லது 70-300 மி.மீ. லென்ஸ் போதும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 200 மி.மீ., 3 மீட்டர் தூரம், லென்ஸின் திறப்பு (அபெர்ச்சர்) எஃப் 8 என்றால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 10 செ.மீ.தான். ஃபிரேமின் அகலமோ ஏறக்குறைய 50 செ.மீ. தகட்டுக்கு நேர் எதிரே நிற்காமல் 45 டிகிரி சாய்ந்து எடுத்தால் நடுவில் ஒரு பட்டை மட்டும் தெளிவாகி, இரண்டு ஓரமும் மங்கிவிடும். அபெர்ச்சரை எஃப் 16 வரை மூடுவதைவிட, லென்ஸ் தகட்டை நேராகப் பார்க்கும் இடத்துக்கு நகர்வதே மேல்.

கேமராவின் லெவல் காட்டியை அணைத்து வையுங்கள். வால் சக்கர விமானம் மூக்கைத் தூக்கி நிற்கும், அதன் கோடுகள் எதுவும் தரைக்கு இணையாக இருக்காது. ரிவெட் வரிசையோடு ஃபிரேமைச் சேருங்கள். சாய்வு வேண்டுமென்றால் தாராளமாகச் சாயுங்கள். 2 டிகிரி சாய்வு மட்டும் கவனக்குறைவாகவே தெரியும்.

பெயின்ட்டில் வில்லன் ஆட்டோ வொயிட் பேலன்ஸ், அதாவது விளக்கின் நிறத்தைக் கேமராவே ஊகித்துச் சரிசெய்வது. ஃபிரேம் முழுக்க மஞ்சள் இருந்தால் விளக்குதான் மஞ்சள் என்று கேமரா முடிவுகட்டி, நீலத்தைச் சேர்த்துவிடும். அடுத்த ஃபிரேமில் பச்சை வந்தால் கணக்கு மறுபடி மாறும். சாம்பல் அட்டையை விமானத்தின் மேல் விழும் அதே வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து, மதிப்பைப் பூட்டி, ராவில் (கேமரா பதப்படுத்தாத கோப்பில்) எடுங்கள். ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் எல்இடி என்றால் இரண்டுக்கும் ஒரே மதிப்பு சரிவராது. ஒரு விளக்கு மட்டும் படும் பகுதியைத் தேடுவதுதான் வழி.

சிவப்பு ரவுண்டலுக்கு (விமானத்தில் வரைந்த வட்ட நாட்டுச் சின்னம்) மொத்த ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) நம்பக் கூடாது. அது நடுவில் சாதுவாக நிற்கும்போதே சிவப்பு சானல் (சிவப்பு நிறத்தின் தனிக் கணக்கு) வலது சுவரில் முட்டியிருக்கும். பெயின்ட்டின் வெடிப்பும் தூரிகைத் தடமும் அழிந்து பிளாஸ்டிக் பொட்டு மாதிரி ஆகிவிடும். மூன்று சானலையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்து, எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள். பெயின்ட்டின் மினுமினுப்பை வெட்டப் போலரைசர் உதவும், ஆனால் எல்லாக் கோணத்திலும் இல்லை. பரப்பிலிருந்து 35 டிகிரி அளவில் பார்க்கும்போதுதான் முழுதாக வெட்டும். நேர் எதிரே நின்று திருகிப் பயனில்லை.

ஷட்டர் வேகத்தை விளக்குதான் தீர்மானிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/100 அல்லது 1/50 வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/125 அல்லது 1/60. 1/500 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டும், ஓசையில்லாத சைலன்ட் (எலெக்ட்ரானிக்) ஷட்டரில் இன்னும் மோசம். டிரைபாட், ஃபிளாஷுக்குப் பல இடங்களில் அனுமதி இல்லாததால் ஐஎஸ்ஓவை (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 1600, 3200 என்று ஏற்றத் தயங்க வேண்டாம்.

எக்ஸாஸ்ட் குழாயிலும் ஜெட் வால் முனையிலும் வைக்கோல் மஞ்சள், கத்தரிப்பூ, நீலம் என்று வளையங்கள் தெரியும். அங்கே சாயம் எதுவும் கிடையாது. சூட்டில் படிந்த ஆக்சைடு படலத்தின் தடிமன் மாற மாறச் சோப்புக் குமிழி போல நிறம் மாறுகிறது. குழாயின் உட்புறம் இருட்டாக இருப்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி இந்த நிறத்தை வெளுக்கவைத்துவிடும். ஒரு ஸ்டாப் குறைத்தால் நீலம் திரும்பி வரும்.

எடிட்டிங்கில் கிளாரிட்டியை (விவரங்களை அழுத்திக் காட்டும் அமைப்பு) ஏற்றினால் அலுமினியம் அழுக்குத் தட்டு மாதிரி ஆகும், ரிவெட்டைச் சுற்றி வெள்ளை வளையமும் வரும். 10க்கு மேல் போகாதீர்கள். தூசியைத் துடைக்கலாம், அது நேற்று விழுந்தது. எஞ்சின் மூடியின் இடுக்கிலிருந்து காற்றோட்டத்தின் திசையில் பின்னோக்கி இழுபட்ட எண்ணெய்க் கறையை மட்டும் தொடாதீர்கள். அந்த விமானம் பறந்தபோது பட்டது அது.