எழுதி முடிக்கும் வரை பேசாதே

எங்கள் ப்ரூவரியில் காய்ச்சிய பீரை ருசி பார்க்க உட்காரும்போது ஒரு விதியை யாரும் மீற முடியாது. தாளில் எழுதி முடிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது. "ஆஹா" கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவதும் கூடாது. தலைமை ப்ரூவர் "லேசா ஆரஞ்சுத் தோல் வாசனை" என்று முணுமுணுத்துவிட்டால் போதும், அடுத்த நிமிடம் மேசையைச் சுற்றி இருக்கிற அத்தனை பேருக்கும் ஆரஞ்சுத் தோல் வந்துவிடும். யாரும் பொய் சொல்வதில்லை, நிஜமாகவே வரும். மூக்குக்கும் மேலதிகாரி பயம் உண்டு.

பெங்களூரில் ஒரு மைக்ரோ ப்ரூவரியில் வேலை எனக்கு. காய்ச்சுவது, டேங்க் பார்ப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் இருந்தாலும் ஊரில் கேட்டால் "பீர் குடிக்கிறதுக்கு சம்பளம் வாங்குறான்" என்றுதான் சொல்வார்கள். சரி, சொல்லட்டும். உண்மையில் ஒரு கிளாஸில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றுவோம், அதிலும் பாதி மீந்துவிடும். காலை பதினோரு மணி வாக்கில்தான் உட்காருவது, ஏனென்றால் அப்போதுதான் காலை டிபனின் சாம்பார் வாசனை போயிருக்கும், மதியச் சாப்பாட்டுக்கான பசியும் முழுதாக வந்திருக்காது. அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது, சென்ட் அடித்துக்கொண்டு வரக் கூடாது. அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா எங்களுக்கு நல்ல ருசியாளர், ஆனால் அன்றைக்கு மட்டும் தலையில் இருக்கும் மல்லிகையை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கும். "வர்றதே பூ வாசனைதானே உங்க பீர்ல, இது என்ன பண்ணுது" என்பார். பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கிற ஹாப்ஸும் பூதான், அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

நாங்கள் அதிகமாக மல்லுக்கட்டுவது பேல் ஏல் என்ற வெளிர்நிற பீரோடு. கோதுமை பீரில் ஈஸ்ட்டே வாழைப்பழமும் கிராம்பும் கொடுத்து நிறைய மறைத்துவிடும். கறுப்பு பீரான ஸ்டவுட்டில் வறுத்த மால்ட், அதாவது முளைகட்டிய தானியம், இருக்கிறது, அந்தக் காபிக் கசப்பு சின்னத் தப்பை விழுங்கிவிடும். பேல் ஏலுக்கு அந்தப் போர்வை இல்லை. வெளிறிய மால்ட், கொஞ்சம் கேரமல் மால்ட், ஹாப்ஸ், அடக்கமான ஒரு ஈஸ்ட், அவ்வளவுதான். இன்றைக்கு அமெரிக்கன் பேல் ஏல் என்று நாம் சொல்லும் வகைக்கு முகம் கொடுத்தது கலிபோர்னியாவின் சிக்கோ ஊரில் 1980-இல் தொடங்கிய சியரா நெவாடா ப்ரூவரி. அதில் பேசுவது கேஸ்கேட் என்ற ஹாப்ஸ், ஒரிகனில் வளர்த்தெடுத்து 1972-இல் வெளிவந்த ரகம். புத்தகங்களில் அதன் வாசனைக்கு கிரேப்ஃப்ரூட் என்று போட்டிருக்கும். அந்தப் பழத்தை நம் ஆட்களில் எத்தனை பேர் உரித்துத் தின்றிருக்கிறோம்? பம்பளிமாஸ் என்றால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள், அந்த வெள்ளைத் தோலின் கசப்பு உட்பட. இன்னொன்று: சியரா நெவாடாவில் ஆரம்பத்தில் காய்ச்சிய பேல் ஏல் பேட்ச்கள் பலவற்றை, சுவை ஒரே சீராக வரவில்லை என்று கொட்டிவிட்டார்கள். கடன் வாங்கி, பழைய பால்பண்ணைச் சாமான்களை வைத்து ஆரம்பித்த இடம் அது. எங்கள் முதலாளியிடம் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

ருசி பார்ப்பதில் நாக்குக்கு முன்னால் மூக்கு. கிளாஸ் வந்ததும் முதல் வேலை மோப்பம்தான், நிறம் பார்ப்பது கூட அப்புறம். கந்தகம் மாதிரியான சில வாசனைகள் நொடியில் பறந்துவிடும், நிறத்தை ரசித்துக்கொண்டிருந்தால் அது போயே போய்விடும். கையால் கிளாஸை மூடி, ஒரு சுற்று சுற்றி, கையை எடுத்ததும் குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று மூச்சு. நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் பழகி மரத்துவிடும். அப்புறம் நுரை, தெளிவு, நிறம். பிறகு ஒரு வாய், வாய் முழுக்கப் பரவவிட்டு விழுங்கி, மூச்சை மூக்கு வழியாக விட வேண்டும். பாதி வாசனை அப்போதுதான் பின்வாசல் வழியாக வருகிறது. ஒயின்காரர்கள் துப்புவார்கள், நாங்கள் துப்புவதில்லை. பேல் ஏலின் கசப்பு விழுங்கிய பிறகுதான் எழுந்து உட்காரும், அது எவ்வளவு நேரம் நிற்கிறது, சுத்தமாக விலகுகிறதா, இல்லை நாக்கின் ஓரத்தில் பச்சிலை மாதிரி ஒட்டிக்கொள்கிறதா என்பதில்தான் தீர்ப்பே இருக்கிறது.

இன்னொரு விஷயம் குளிர்ச்சி. வாடிக்கையாளர் "சில்லுன்னு" கேட்பார், கொடுக்கிறோம். தீர்ப்பு சொல்ல உட்காரும்போது அந்தக் குளிர் ஆகாது. 8, 10 டிகிரிக்கு ஏறினால்தான் பீர் வாயைத் திறக்கும். 2 டிகிரியில் நல்ல பீரும் மோசமான பீரும் ஒரே பீர்.

குறைகளுக்கு வருவோம். வேகவைத்த மக்காச்சோள வாசனை வந்தால் கொதிக்கவிட்ட விதத்தில் கோளாறு. பச்சை ஆப்பிள் வந்தால் ஈஸ்ட் இன்னும் வேலையை முடிக்கவில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வந்தால் ஆக்சிஜன் புகுந்து பீர் கிழடு தட்டிவிட்டது. பச்சை பாட்டிலை மொட்டைமாடி வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம் என்று வெள்ளைக்காரர்கள் சொல்லும் அந்த நாற்றம் வரும், ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைவதால் வருவது. புதிதாக வருகிறவர்களுக்கு இதை நாங்களே செய்து காட்டுவோம், ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். இவை எல்லாம் சுலபம். நாற்றம் என்று தெரிந்துவிட்டால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

சண்டை வருவது நொதிக்கும்போது உண்டாகும் டைஅசிட்டைல் என்ற பொருளில். அதன் வாசனை வெண்ணெய், நெய், தியேட்டர் பாப்கார்ன். நம் ஊரில் நெய் வாசனை வந்தால் யார் குறை சொல்வார்கள்? பொங்கலில் நெய் மிதந்தால் சமைத்தவருக்கு ஒரு சொட்டு மரியாதை கூடும். வெளிநாட்டுப் பயிற்சிக் குறிப்புகளில் இதைப் பெரிய குற்றமாக எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வரும் நம் பையன்கள், கிளாஸை முகர்ந்ததும் ஒரு சந்தோஷச் சிரிப்பு சிரிக்கிறார்கள். மூக்கு பாராட்டுகிறது, தாள் கழிக்கச் சொல்கிறது. பத்து லட்சத்தில் 0.1 பங்கு இருந்தாலே பலருக்குத் தெரியும் அளவுக்கு வீரியம் உள்ள பொருள் அது, இருந்தும் சிலருக்கு எவ்வளவு போட்டாலும் உறைக்காது. எங்கள் தலைமை ப்ரூவர் அந்த இரண்டாவது ரகம். அவரே சொல்லிக்கொள்வார், அதனால்தான் அவர் மேல் எனக்கு மரியாதை.

போன மழைக்காலத்தில் ஒரு பேட்ச். நொதித்தல் முடிந்து, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இறங்கும் அடர்த்தி 1.012-இல் நின்று, ஹாப்ஸை டேங்கிலேயே போட்டு ஊறவைத்திருந்தோம். வியாழக்கிழமை ருசிக் கூட்டம், வெள்ளிக்கிழமை குளிரவைத்து வார இறுதிக்குக் குழாயில் விட வேண்டும் என்பது திட்டம். ஐந்து தாளில் பம்பளிமாஸ், பைன் பிசின், நல்ல கசப்பு என்று ஒரே மாதிரி வந்தது. ஆறாவது தாளில், டேங்க் கழுவுகிற கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தம்பி, "கடைசியில் நெய்" என்று மட்டும் எழுதியிருந்தான். மேனேஜர் அதை வாசித்துவிட்டு, "நெய்னா நல்லதுதானே தம்பி, ரிச்சா இருக்குன்னு எழுதலாமே" என்றார். அவன் என்னைப் பார்த்தான். "எனக்குப் பிடிச்சுதான் இருக்குண்ணா, ஆனா போன வாரம் இல்ல" என்றான்.

அந்த ஒரு வரிதான் எனக்கு இந்த வேலையில் கிடைத்த மிகச் சரியான ருசிக் குறிப்பு. பிடித்திருக்கிறது என்பது ஒரு தகவல், போன வாரம் இல்லை என்பது வேறு தகவல், அவன் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை.

அப்புறம் செய்ததெல்லாம் வழக்கமான சோதனை. டேங்கின் சாம்பிள் வால்வை ஸ்பிரிட் அடித்துத் துடைத்து, முதலில் வருவதைக் கொஞ்சம் ஓடவிட்டு, இரண்டு மூடி போட்ட பாட்டிலில் பிடித்தோம். ஒன்றை 60 டிகிரிக்கு மேல் சுடுநீரில் இருபது நிமிடம் உட்காரவைத்து, ஆறியதும் இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து முகர வேண்டும். டைஅசிட்டைலாக இன்னும் மாறாமல் பீருக்குள் ஒளிந்திருக்கும் மூலப்பொருள் சூட்டில் மாறிவிடும், நாளை வரப்போகும் வாசனை இன்றே வெளியே வந்துவிடும். சூடாக்கிய பாட்டிலைத் திறந்ததும் கணக்கு அக்கா "யாரோ நெய் உருக்குறாங்க" என்றார். தலைமை ப்ரூவர் மட்டும் எங்கள் முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அடர்த்தி எடுத்துப் பார்த்தால் 1.010-க்கு இறங்கியிருந்தது. காரணம் ஹாப்ஸ்தான். அதில் இருக்கிற நொதிகள், ஈஸ்ட் சாப்பிட முடியாமல் விட்டுவைத்த மாவுச் சர்க்கரையை உடைத்துப் பரிமாறியிருக்கின்றன, முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்த நொதித்தல் மெல்ல மறுபடி தொடங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் குளிரவைத்திருந்தால் ஈஸ்ட் தூங்கப் போயிருக்கும், நெய் பீரிலேயே தங்கியிருக்கும். விட்டுவைத்தால் அதே ஈஸ்ட் அதைத் திரும்ப உள்ளே இழுத்துச் சுத்தம் செய்துவிடும். தேவை நாள் மட்டும்தான்.

அந்த நாளைத்தான் வாங்க முடியவில்லை. மழை நின்ற வெள்ளிக்கிழமை, மேலே மேசை எல்லாம் முன்பதிவு, பேல் ஏல் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று மேனேஜர் குதித்தார். தப்பில்லை, அவர் வேலை அது. தலைமை ப்ரூவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டு டேங்கை 19 டிகிரியிலேயே வைத்திருந்தார். வாரம் தள்ளித்தான் விட்டோம். சுத்தமாக வந்தது. அதைக் குடித்த பழைய வாடிக்கையாளர் ஒருவர், "இதுக்கு முன்னாடி ஒரு தடவ குடிச்சேன், இன்னும் கொஞ்சம் க்ரீமியா இருந்துச்சே, அது ஏன் இல்ல" என்று கேட்டார். எந்த பேட்சை நினைத்துச் சொன்னாரோ, நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

போட்டிகளில் நடுவராக உட்காரும்போது இந்தத் தொல்லை இல்லை, அங்கே வேறு தொல்லை. அமெரிக்காவில் 1985-இல் ஆரம்பித்த பீர் நடுவர் அமைப்பின் தாளைத்தான் இங்கே வீட்டில் காய்ச்சுகிறவர்களின் போட்டிகளிலும் வைத்துக்கொள்கிறோம். மொத்தம் 50 புள்ளி. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதை ஒவ்வொரு முறையும் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், பொன்னிறமாக மினுங்கும் கிளாஸைப் பார்த்ததும் மனது மற்ற எல்லாக் கட்டத்திலும் ஒரு புள்ளி கூட்டிப் போடப் பார்க்கும். அமெரிக்கன் பேல் ஏல் என்றால் ஆல்கஹால் 4.5 முதல் 6.2 சதவீதம், கசப்பு அலகு 30 முதல் 50 என்று வரையறை இருக்கிறது. அதற்குள் உட்காராத அற்புதமான பீர் வந்தால்? அற்புதம் என்று எழுதிவிட்டுப் புள்ளியைக் குறைக்க வேண்டியதுதான். மனது கேட்காது. ஐபிஏ என்ற இன்னும் கசப்பான பீர் பிரிவில் போட்டிருந்தால் ஜெயித்திருக்கும் என்று அடியில் எழுதிவைப்பேன், அதற்கு மேல் நடுவர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

மனம் நோகக் கூடாது என்று எல்லோருக்கும் 38 போடுகிற நடுவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சமையலறை அடுப்பில் ஐந்து மணி நேரம் நின்று காய்ச்சி, வாரக்கணக்கில் காத்திருந்து பாட்டிலில் அடைத்து அனுப்புகிறவருக்கு, "வாசனை குறைவு, ஹாப்ஸ் பழசாக இருக்கலாம், கொதி முடிவில் போடுவதைக் கூட்டிப் பாருங்கள்" என்று 27 போட்டுக் கொடுத்தால் அடுத்த பேட்சுக்கு அது உதவும்.

இப்போது எங்கள் மேசையில் ஓடும் தகராறு மொசைக் என்ற ஹாப்ஸ். தலைமை ப்ரூவருக்கு அதில் பழுத்த மாம்பழமும் நாவற்பழமும் வருகிறது. தம்பிக்கும் எனக்கும் வெங்காயம். இது நிஜமாகவே ஆளுக்கு ஆள் மாறும், ஹாப்ஸில் இருக்கும் கந்தகச் சேர்மங்களை ஒவ்வொரு மூக்கும் ஒவ்வொரு மாதிரி வாசிக்கும். முக்கோணச் சோதனை வைத்தோம், அதாவது கறுப்புக் கிளாஸ் மூன்று, இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மொசைக் குறைத்தது, எது வேறு என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடிச் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும் என்பதால், ஆறு பேர் உட்கார்ந்தால் ஐந்து பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்வோம். மூன்று பேர்தான் சொன்னார்கள். அதனால் மெனுவில் மாம்பழம் என்றே போய்விட்டது. அடுத்த பேட்சில் மொசைக்கைப் பாதியாக்கி சிட்ரா என்ற வேறு ஹாப்ஸைச் சேர்த்திருக்கிறார் ப்ரூவர், எங்கள் வெங்காயத்துக்காக இல்லை, மொசைக் விலை ஏறிவிட்டதாம்.