குட்டிகளோடு டில்லி அக்டோபர்: இதுவரை செய்து பார்த்தது

மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பிலுள்ள தமிழ்க் குழந்தைகளுக்கு ஞாயிறுதோறும் பருவம் மாறுவதைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாருக்கும் நாலிலிருந்து ஏழு வயதுக்குள். படப் புத்தகத்தில் வரும் சிவந்த மேப்பிள் இலைகளுக்கு இதில் இடமில்லை. அக்டோபரில் டில்லி மரங்கள் பச்சையாகத்தான் நிற்கும். வேம்பும் அரசும் இலை கொட்டுவது பிப்ரவரி, மார்ச் வாக்கில். குளிருக்கு அல்ல, வரப்போகும் வறட்சிக்காக. ஜன்னலுக்கு வெளியே இல்லாததைப் படத்தில் காட்டி என்ன பயன்?

அதனால் நிழலில் ஆரம்பித்தோம். பகலும் இரவும் கிட்டத்தட்ட சமமாகிற செப்டம்பர் 23 வாக்கில், மொட்டைமாடியில் மணல் வாளிக்குள் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கம்பை நிறுத்தினோம். பகல் 12 தாண்டியதும் நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் அதன் நீளத்துக்குக் கம்பளி நூலை வெட்டி, தேதி எழுதிச் சுவரில் ஒட்டுகிறோம். சென்டிமீட்டர் தெரியாத வயதுக்கு நூல்தான் சரி. முதல் நூல் சுமார் 55 செ.மீ.; நவம்பர் முதல் வாரத்தில் கம்பும் நிழலும் ஒரே அளவு. “ஆன்ட்டி, சூரியன் கீழ இறங்கிடுச்சா?” என்று ஒரு வாண்டு கேட்டான். ஆமாம் என்றேன். பூமியின் சாய்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது மூக்கு. தெருவோர ஏழிலைப்பாலைகள் அக்டோபரில் பூத்தால், இருட்டியதும் தெருவே மணக்கும். ஒருத்திக்கு அது ஊதுபத்தி, இன்னொருவனுக்குத் தலைவலி. கீழே கிடந்த கொத்துகளில் இலைகளை எண்ணச் சொன்னேன்: ஐந்து, ஆறு, ஏழு, எட்டு எல்லாமே கிடைத்தன. ஒடித்தால் பால் வரும், கண்ணில் படக்கூடாது. அதனால் விழுந்ததை மட்டுமே எடுத்தோம்.

எல்லாவற்றையும்விடப் பிடித்துப்போனது பவழமல்லி. சாயங்காலம் மலர்ந்து விடியலில் உதிர்கிற பூ, ஆகவே சீக்கிரம் எழுந்தவர்களுக்குத்தான். ஆரஞ்சுக் காம்புகளை மட்டும் கிள்ளிக் கொடுத்தார்கள். “அடுப்புப் பக்கம் யாரும் வரக்கூடாது” என்று விரட்டியபடியே கீழ்வீட்டுப் பாட்டி கொதிக்க வைத்தார். மஞ்சள் சாயம் இறங்கியது. அதில் நனைத்த காகிதங்கள்தான் இப்போது நூல்களுக்குப் பின்னணி. மரத்தின் இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு என்று தெரிந்ததும் ஆளுக்கு ஒன்றை எடுத்து நகம் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள்!

தீபாவளிக்குப் பிறகு காற்றுத் தரக் குறியீடு 300ஐத் தாண்டுகிற நாளில் யாரையும் வெளியே அழைத்துப் போவதில்லை. அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவிளக்கு எரியும் நேரத்தைக் குறிக்கிறோம். செப்டம்பர் கடைசியில் ஆறேகால் வாக்கில் மறைந்த சூரியன் நவம்பர் நடுவில் ஐந்தரைக்கே போய்விடுகிறது. விளையாட்டு நேரம் குறைந்ததில் கடுங்கோபம்.

காற்று தெளிந்தால் ஓக்லா சரணாலயத்தில் ஊசிவால் வாத்துகளைப் பார்க்கப் போகிறோம். டிசம்பர் 21க்கு நூல் 128 செ.மீ. வரை போகும், சுவரில் இடம் ஒதுக்கியாயிற்று.