"நான் அப்பவே சொன்னேன்" செல்லுமா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் தடுப்புச்சுவர் சரிந்தால் மறுநாளே காதில் விழும் பேச்சு: "இங்க வெட்டாதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்." ஜேசிபி டிரைவர் சொல்வார், மேஸ்திரி சொல்வார், பிளானில் கையெழுத்திட்ட இன்ஜினியரும் சொல்வார். சொல்லிவிட்டு வேலையையும் முடித்துக் கொடுத்தவர்கள்!

அது என்ன வேலை என்று பார்த்தால்தான் அந்தச் சொல்லின் எடை தெரியும். சரிவை ஒரே செங்குத்தாக இறக்காமல் படிப்படியாக வெட்ட வேண்டும். சுவரில் தண்ணீர் வடிய ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக 3 அங்குலக் குழாய், அது வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் ஜல்லி. லோடு காசு மிச்சம் என்று வெட்டிய மண்ணையே கொட்டி மூடினால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே தேங்கும் தண்ணீரின் அழுத்தத்தில் சுவர் முதலில் வயிறு தள்ளும், பிறகு விழும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் பலியானபின், இந்தக் கணக்கு தெரியாது என்று இங்கே யாரும் சொல்ல முடியாது.

ஆக, "சொன்னேன்" என்பது தெரிந்தே செய்தேன் என்பதற்கு அவரே தரும் சாட்சி. தெரியாமல் வெட்டியவரைவிட இவர் பொறுப்புதான் கூடுகிறது.

யாரிடம் சொன்னார் என்பது இன்னும் முக்கியம். ஓனரிடம்தான். மண் விழப்போவதோ கீழே லைன் வீட்டில் படுத்திருப்பவர் மேல். அவரிடம் யாரும் வாய் திறக்கவில்லை.

டிரைவர் மறுத்தால் அரைமணியில் வேறு வண்டி வந்துவிடும், அவர் பிழைப்பும் போகும். அதனால் அவர் சொன்னதற்குக் கொஞ்சம் மதிப்பு கொடுக்கலாம். இன்ஜினியருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் பேனாவை மூடினாலே வேலை நின்றிருக்கும்.

கருத்துக்கு உயிர் இருப்பது மண்ணில் பக்கெட் இறங்கும் முன்புதான். நீலகிரியில் ஜேசிபி ஓட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும். நகலைக் கேளுங்கள், இல்லையென்றால் வண்டியை ஏற்றாதீர்கள். சர்வே எண், வெட்டும் உயரம், தேதி போட்டு விஏஓவிடமும் தாசில்தாரிடமும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஏற்கெனவே வெட்டியாகிவிட்டதா? மேல்விளிம்பை ஒட்டி நீளவாக்கில் விரிசல், மரம் சாய்வது, அடியில் கலங்கல் தண்ணீர் கசிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் முதலில் கீழே இருப்பவர்களை வெளியேற்றிவிட்டு 1077-க்கு அழையுங்கள்.